சமயம் கடந்த மணமும் சட்டத்தின் முப்பது நாளும்

பிழைப்பு நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்து, வந்த இடத்தையே வாழும் இடமாக்கிக் கொண்டவர்கள் நாம். மும்பையின் தாராவியிலும் மாதுங்காவிலும், தில்லியின் கரோல் பாகிலும், பெங்களூரின் அல்சூரிலும், ஆமதாபாத்தின் மணிநகரிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வேரூன்றி நிற்கின்றன. கோயில் கட்டினோம், சங்கம் வளர்த்தோம், பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ் கற்பித்தோம். ஆனால் திருமணம் என்று வந்தால் மட்டும் நம் முன்னோர் சொந்த ஊருக்கே பயணச்சீட்டு வாங்கினர். பெண் பார்ப்பதும், நாள் குறிப்பதும், பந்தல் நாட்டுவதும் அங்கேதான் நடந்தன.

இன்று நிலைமை வேறாகி வருகிறது. இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கே பணிபுரியும் நம் மக்கள், உடன் பயின்றவரையும் உடன் உழைப்பவரையும் வாழ்க்கைத் துணையாக விரும்புகின்றனர். அவ்வாறு விரும்பப்படுபவர் வேற்று மொழியினராக இருக்கலாம். வேற்றுச் சமயத்தினராகவும் இருக்கலாம். மொழி வேறாயின் சட்டத்துக்கு அதில் சொல்ல எதுவும் இல்லை. சமயம் வேறாயின் சட்டம் சில கேள்விகளைக் கேட்கிறது. சில நாட்கள் காத்திருக்கவும் சொல்கிறது. அந்தக் கேள்விகள் யாவை, அந்தக் காத்திருப்பு எத்தகையது, அதில் நம்மைப் போன்ற புலம் பெயர்ந்தோர் தனியாக அறிந்திருக்க வேண்டுவது என்ன என்பதே இன்றைய நம் உரையின் பொருள்.

முதலில் ஒரு காட்சியைக் கற்பனையில் காண்போம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையில் மும்பைக்கு வந்த ஒருவரின் மகள். மும்பையிலேயே பிறந்தவள்; ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறாள். அவள் மணக்க விரும்பும் இளைஞர் வேறு சமயத்தவர். இருவரும் திருமண அலுவலரிடம் சென்று அறிவிப்புப் படிவத்தைப் பெறுகின்றனர். பெயர், வயது, தொழில், தற்போதைய இருப்பிடம் ஆகியவற்றை எழுதிய பின், “நிலையான இருப்பிடம்” என்றொரு கட்டம் வருகிறது. அந்தப் பெண் சிறிதும் தயங்காமல், தான் கோடை விடுமுறைக்கு மட்டுமே சென்று வந்த தந்தையின் கிராமத்துப் பெயரை எழுதுகிறாள். எத்தனையோ படிவங்களில் அவள் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறாள். “சொந்த ஊர் எது?” என்று கேட்டால் நாம் எல்லோரும் அப்படித்தானே சொல்லுகிறோம்?

சில நாட்களில் அந்த அறிவிப்பின் நகல் ஒன்று ஆயிரம் மைல் கடந்து, அந்த மாவட்டத்து அலுவலகத்தின் பலகையில் ஒட்டப்படுகிறது. பத்திரம் எழுத வந்த ஒருவர் அதைப் படிக்கிறார். அன்று இரவே மும்பையில் அவள் வீட்டுத் தொலைபேசி ஒலிக்கிறது. மகள் சொல்லத் தக்க வேளை பார்த்துக் காத்திருந்த செய்தி, தந்தைக்கு வேற்றார் வாயால், அதுவும் ஏச்சோடு கலந்து வந்து சேருகிறது.

இந்தப் பெண் கற்பனைப் பெண். ஆனால் அந்தக் கட்டமும் அந்த நகலும் அந்தப் பலகையும் கற்பனை அல்ல. அவை 1954ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டத்தில் எழுதப்பட்டுள்ளவை.

நம் நாட்டில் திருமணச் சட்டங்கள் பெரும்பாலும் சமயம் சமயமாக வகுக்கப்பட்டுள்ளன. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டப்படி மணம் செய்து கொள்ள வேண்டுமாயின் இருவரும் இந்துக்களாக இருத்தல் வேண்டும். பௌத்தரும் சமணரும் சீக்கியரும் அச்சட்டத்துள் அடங்குவர். புரோகிதர் இன்றி, மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்யும் சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967ஆம் ஆண்டில் தமிழ்நாடு சட்ட வடிவம் தந்தது. அது தமிழகம் பெருமை கொள்ளத் தக்க சட்டமே. எனினும் அதுவும் இந்துக்கள் இருவருக்கிடையே நடைபெறும் மணத்துக்கே உரியது. மேலும் அது தமிழ்நாடு செய்த திருத்தம் ஆதலின், வேற்று மாநிலத்தில் மணம் செய்வோர் அதனை நம்பி இருத்தல் இயலாது. பார்சிகளின் 1936ஆம் ஆண்டுச் சட்டம் இருவரும் பார்சிகளாக இருப்பதை வேண்டுகிறது. கிறிஸ்தவத் திருமணச் சட்டம் 1872ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராயினும் அது பொருந்தும். எனினும் தேவாலயங்கள் தமக்கென வைத்துள்ள விதிகள் வேறு. முஸ்லிம் சமயச் சட்டத்தின்படி முஸ்லிம் ஆண் கிறிஸ்தவப் பெண்ணையோ யூதப் பெண்ணையோ மணக்கலாம். முஸ்லிம் ஆணும் இந்துப் பெண்ணும் அச்சமய முறையில் செய்து கொண்ட மணம் முறைகேடானதே அன்றி அடியோடு செல்லாதது ஆகாது என்றும், அதில் பிறந்த மக்களுக்குத் தந்தை சொத்தில் உரிமை உண்டு என்றும் 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஆகவே, எந்தச் சமயத்தவரும் எந்தச் சமயத்தவரையும், இருவரும் தத்தம் சமயத்தில் இருந்தபடியே, ஐயத்துக்கு இடமின்றி மணந்து கொள்ள வழி செய்யும் சட்டம் தனித் திருமணச் சட்டம் ஒன்றே எனலாம்.

இந்தச் சட்டத்தின் வரலாறு சிந்தனைக்கு உரியது. இதற்கு முன்னோடியாக 1872இல் ஒரு சட்டம் பிறந்தது. வங்கத்தில் கேசவ சந்திர சென் முதலிய பிரம்ம சமாஜத்தார் தங்கள் சீர்திருத்த மணங்களுக்குச் சட்ட ஏற்பு வேண்டிக் கிளர்ச்சி செய்ததன் பயன் அது. ஆனால் அச்சட்டத்தின் கீழ் மணம் செய்ய விரும்புவோர், தாம் கிறிஸ்தவர் அல்லர், யூதர் அல்லர், இந்து அல்லர், முஸ்லிம் அல்லர், பார்சி அல்லர், பௌத்தர் அல்லர், சீக்கியர் அல்லர், சமணர் அல்லர் என்று எழுதிக் கையொப்பம் இட வேண்டியிருந்தது. அன்புக்காகத் தம் தெய்வத்தையே இல்லை என்று சொல்ல வைத்த சட்டம் அது. 1923இல் ஹரி சிங் கௌர் முயற்சியால் வந்த திருத்தம், இந்து, பௌத்தர், சீக்கியர், சமணர் ஆகியோர் தமக்குள் மணக்கும்போது அவ்வாறு மறுத்துரைக்கத் தேவையில்லை என்று ஓரளவு தளர்த்தியது. ஏனையோர்க்குப் பழைய தடையே நீடித்தது.

விடுதலை பெற்ற பாரதத்தின் பாராளுமன்றம் 1954இல் இந்தத் தடையை முற்றும் நீக்கியது. 1955 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், “நீ எந்தச் சமயத்தவன்?” என்ற கேள்வியையே மணத்துக்கான நிபந்தனைகளிலிருந்து எடுத்துவிட்டது. அது ஒரு பெரிய கதவைத் திறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பழைய சட்டத்தில் இருந்த ஒன்றை அது விடாது வைத்துக் கொண்டது. அதுதான் பொது அறிவிப்பு. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14 நாளாக இருந்த காத்திருப்பு, புதிய சட்டத்தில் 30 நாளாக வளர்ந்தது.

சட்டத்தின் நடைமுறையைப் படிப்படியாகக் காண்போம். மணமகனுக்கு 21 வயதும் மணமகளுக்கு 18 வயதும் நிறைந்திருத்தல் வேண்டும். இருவருக்கும் உயிரோடிருக்கும் வேறு கணவனோ மனைவியோ இருத்தல் ஆகாது. மணத்துக்கு ஒப்புதல் தரத்தக்க தெளிந்த மனநிலை வேண்டும். விலக்கப்பட்ட நெருங்கிய உறவினராக இருத்தல் கூடாது. வழக்கம் இடம் தந்தால் இந்த உறவு விலக்குக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அடிப்படை நிபந்தனைகள் இவ்வளவே.

மணமக்களில் ஒருவரேனும் அறிவிப்புக் கொடுக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து 30 நாட்கள் ஒரு மாவட்டத்தில் வசித்திருந்தால், அந்த மாவட்டத்துத் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்கலாம். இது நமக்கு மிக முக்கியமான விதி. மணத்துக்காகப் பிறந்த ஊருக்குத் திரும்ப வேண்டுவதில்லை. வேலை தேடி வந்து ஒரு மாதம் வசித்தவருக்கும் இந்த உரிமை உண்டு.

அறிவிப்பைப் பெற்ற அலுவலர் அதனைத் திருமண அறிவிப்புப் புத்தகத்தில் பதிவார். அந்தப் புத்தகத்தை எவரும் கட்டணமின்றிப் பார்வையிடலாம். அறிவிப்பின் நகல் ஒன்று அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டப்படும். மணமக்களில் எவரேனும் அந்த மாவட்டத்தில் நிலையாக வசிப்பவர் அல்லர் எனில், அவர் நிலையாக வசிக்கும் மாவட்டத்து அலுவலருக்கும் ஒரு நகல் அனுப்பப்பட்டு, அங்கும் ஒட்டப்படும். நாம் முன்னர்க் கண்ட காட்சியில் மும்பையிலிருந்து நெல்லைக்குச் சென்ற தாள் இவ்விதியின்படி சென்றதே.

அறிவிப்பு வெளியான 30 நாட்களுக்குள் எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனால் எதையும் ஆட்சேபமாகச் சொல்லிவிட முடியாது. வயது நிறையவில்லை, முன்னரே மணமானவர், மனநிலை தெளிவில்லை, விலக்கப்பட்ட உறவினர் என்னும் சட்ட நிபந்தனைகளில் ஒன்று மீறப்படுகிறது என்பதே ஆட்சேபமாகும். “பெற்றோர் சம்மதம் இல்லை” என்பது ஆட்சேபம் அன்று. “சமயம் வேறு, சாதி வேறு” என்பதும் ஆட்சேபம் அன்று. ஆட்சேபத்தை அலுவலர் எழுத்தில் பதிந்து, ஆட்சேபித்தவரின் கையொப்பமும் பெறுதல் வேண்டும். 30 நாட்களுக்குள் விசாரித்து முடிவு கூற வேண்டும். ஆட்சேபத்தை அலுவலர் ஏற்றுக் கொண்டால், மணமக்கள் 30 நாட்களுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆட்சேபம் நியாயமற்றது, நல்லெண்ணம் அற்றது எனக் கண்டால், ஆட்சேபித்தவரிடமிருந்து 1,000 ரூபாய் வரை செலவுத் தொகை வாங்கவும் அலுவலருக்கு அதிகாரம் உண்டு.

ஆட்சேபம் இல்லையெனில், மணமக்களும் 3 சாட்சிகளும் உறுதிமொழியில் கையொப்பமிட்ட பின் மணம் நிகழலாம். சடங்கு எதுவாயினும் ஆகுக. சடங்கே இல்லாதிருப்பினும் ஆகுக. அலுவலரும் 3 சாட்சிகளும் கேட்க, ஒருவரை ஒருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாக மணமக்கள் கூற வேண்டும் என்பது ஒன்றே கட்டாயம். அதை அவர்களுக்கு விளங்கும் எந்த மொழியிலும் கூறலாம் என்கிறது சட்டம். ஆகவே தில்லியின் அலுவலகத்திலும் தமிழில் கூறித் தமிழ்ப் பெண் ஒருத்தி தன் துணைவரை ஏற்கலாம். அவருக்கும் அது விளங்கினால் போதும். அதன்பின் வழங்கப்படும் சான்றிதழ் மணம் நிகழ்ந்ததற்கு முடிந்த முடிவான ஆதாரம். அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் மணம் நிகழாவிடின், மீண்டும் புதிதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க.

சரி, இந்த அறிவிப்பு எதற்கு? தொல்காப்பியர், பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே சான்றோர் கரணத்தை, அதாவது மணச் சடங்கு முறையை, வகுத்தனர் என்கிறார். மணந்தவரை மணக்கவில்லை என்று மறுப்பதும், ஒருத்தி இருக்க இன்னொருத்தியை ஏமாற்றுவதும் உலகில் உண்டு. அவற்றைத் தடுக்க முன்கூட்டியே ஊரறியச் செய்வது ஒரு காவல் என்று சட்டம் எண்ணியது. அந்த எண்ணத்தை நாம் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கத்தான் வேண்டும். ஒரே சமயத்தவர் இருவர் கோயிலிலோ மண்டபத்திலோ ஒரே நாளில் மணந்து, பின்னர்ப் பதிவு செய்து கொள்கின்றனர். அவர்களுள் முன்னரே மணமானவர் இருத்தல் கூடாதா? வயது நிறையாதவர் இருத்தல் கூடாதா? அவர்களுக்கு வேண்டாத 30 நாள் காவல், சமயம் கடந்து மணப்போர்க்கு மட்டும் ஏன் வேண்டும்? மேலும், இந்தச் சட்டம் இயற்றப்பட்ட நாளில், சான்றிதழ்களையும் ஆவணங்களையும் கொண்டு வயதையும் மண நிலையையும் சரிபார்ப்பது இன்று போல் எளிதாக இருக்கவில்லை.

நம் அகப் பொருள் நூல்களில் அலர் என்றொரு சொல் உண்டு. காதலர் இருவரின் மறைவான அன்பை ஊரார் வாய் தூற்றுவதே அலர். அலருக்கு அஞ்சித் தலைவி வாடுவாள். தாய் அவளை வீட்டுக்குள் காப்பாள். அந்த அலரை இன்று ஊர்ப் பெண்டிர் எழுப்ப வேண்டுவதில்லை. அரசாங்கமே அச்சிட்டு ஒட்டுகிறது எனச் சொன்னால் அது மிகையாகாது. பெரும்பாலான குடும்பங்களில் அலரின் விளைவு கண்ணீரோடும் கடுஞ்சொல்லோடும் முடிந்து விடுகிறது. சில இடங்களில் அது உயிருக்கே கேடாகவும் முடிகிறது.

நீதிமன்றங்கள் இக்குறையை உணராமல் இல்லை. அறிவிப்பைப் போலீசு நிலையத்தின் வழியாகவோ அஞ்சல் வழியாகவோ மணமக்களின் வீடுகளுக்கு அனுப்பும் வழக்கம் தில்லியில் இருந்தது. சட்டத்தில் அப்படி ஒரு விதியே இல்லை என்று 2009இல் தில்லி உயர் நீதிமன்றம் அதனை நிறுத்தியது. பெற்றோருக்குத் தெரிவித்தல், நாளிதழில் விளம்பரம் செய்தல் என்று ஹரியானாவில் சேர்க்கப்பட்டிருந்த கூடுதல் நிபந்தனைகளை 2018இல் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் கண்டித்து விலக்கியது. கேரளத்தில் அறிவிப்புகள் பதிவுத் துறையின் இணையதளத்தில் புகைப்படங்களோடு வெளியாகி, தீய நோக்குடையோரால் பரப்பப்பட்டன; 2020இல் அங்கு அந்த வழக்கம் கைவிடப்பட்டது. 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு இன்னும் ஒரு படி சென்றது. மணமக்கள் எழுத்தில் விரும்பிக் கேட்டாலன்றி அறிவிப்பை வெளியிட வேண்டுவதில்லை என்றது. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உரைத்ததே இதற்கு ஆதாரமாயிற்று. 2018இல் இந்தியச் சட்ட ஆணையம் வெளியிட்ட ஆலோசனை அறிக்கையும் இந்த 30 நாள் பற்றி மறு சிந்தனை வேண்டும் என்றது.

ஆயினும் பாராளுமன்றம் சட்டத்தின் சொற்களை மாற்றவில்லை. ஒரு மாநிலத்து உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வேறு மாநிலத்து அலுவலரைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்துவதும் இல்லை. எனவே நேயர்கள் எந்த மாநிலத்தில் வாழ்கின்றனரோ அந்த மாநிலத்து நடைமுறையை முதலில் கேட்டறிவது நலம்.

இங்கேதான் அந்தக் கட்டத்தை மீண்டும் நினைவூட்ட விரும்புகிறோம். “நிலையான இருப்பிடம்” என்று படிவம் கேட்பது நாம் எங்கே வாழ்கிறோம் என்பதையே. நம் பாட்டனார் எந்த ஊரினர் என்பதை அன்று. பல ஆண்டுகளாக மும்பையிலேயே வாழ்ந்து, அங்கேயே குடும்ப அட்டையும் வாக்குரிமையும் பெற்றிருப்பவருக்கு மும்பையே நிலையான இருப்பிடம். பழக்கத்தால் மட்டும் கிராமத்துப் பெயரை எழுத வேண்டுவதில்லை. மாறாக, உண்மையிலேயே ஊரில் நிலையாக வசித்து, சில மாதப் பணிக்காக மட்டும் வெளி மாநிலம் வந்தவர் அதை மறைத்தல் ஆகாது. இச்சட்டத்தில் பொய் உறுதிமொழி தண்டனைக்குரிய குற்றம். உண்மையையே எழுதுக, ஆனால் எது உண்மை என்று எண்ணிப் பார்த்து எழுதுக.

இந்த 30 நாளுக்கு அஞ்சி, “யாரேனும் ஒருவர் சமயம் மாறிவிட்டால் ஒரே நாளில் மணம் முடிந்துவிடுமே” என்று எண்ணுவோர் உளர். மனம் ஒப்பிச் சமயம் மாறுவது ஒருவரின் தனி உரிமை. ஆனால் வரிசையில் நிற்பதைத் தவிர்க்கக் கண்டுபிடிக்கும் குறுக்கு வழியாக அது ஆகிவிடுதல், சமயத்துக்கும் மரியாதை அன்று. மணத்துக்கும் பாதுகாப்பு அன்று. கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கும் சட்டங்கள் ஒடிசாவில் 1967இலும், மத்தியப் பிரதேசத்தில் 1968இலும் முதலில் தோன்றின. அண்மை ஆண்டுகளில் உத்தரகண்ட், இமாசலப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத், ஹரியானா முதலிய மாநிலங்களில் வந்த சட்டங்களும் திருத்தங்களும் திருமணத்தையும் இதில் சேர்த்துக் கொண்டன. உத்தரப் பிரதேசத்தில் 2020இல் அவசரச் சட்டமாகப் பிறந்து 2021இல் சட்டமானது ஒன்று. அதன்படி சமயம் மாற விரும்புவோர் 60 நாட்களுக்கு முன்பே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டத்துக்குப் புறம்பான மதமாற்றத்துக்காகவே செய்த மணம் செல்லாது என அறிவிக்கப்படலாம். 2024இல் அதன் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. ஆக, 30 நாளைத் தவிர்க்கப் போனவர் 60 நாளிலும் வழக்கிலும் சிக்கக் கூடும்.

இச்சட்டங்களின் சில பகுதிகளை நீதிமன்றங்கள் கட்டுப்படுத்தியுள்ளன. வற்புறுத்தலோ ஆசை காட்டலோ ஏமாற்றோ இன்றி இரு சமயத்தார் மணந்தனர் என்பதற்காக மட்டும் வழக்குத் தொடுத்தல் ஆகாது என்று 2021 ஆகஸ்டில் குஜராத் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வயது வந்தோர் தம் விருப்பப்படி மணந்தால், முன்னறிவிப்புத் தரவில்லை என்பதற்காக அவர்கள்மீது நடவடிக்கை கூடாது என்று 2022 நவம்பரில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் இடைக்கால ஆணை இட்டது. எனினும் ஒன்று தெளிவு. தனித் திருமணச் சட்டத்தின் கீழ் எவரும் சமயம் மாறுவதே இல்லை. ஆகவே அந்த மணத்தில் மதமாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பொறுமை வேண்டும் வழியே உறுதியான வழியும் ஆகும்.

இனி, பெற்றோர் மனத்தில் எழும் அச்சங்களையும் நாம் அலட்சியம் செய்யலாகாது. “நம் பெண்ணைக் கைவிட்டு வேறொருத்தியை மணந்து விட்டால்?” என்பது முதல் அச்சம். இச்சட்டத்தின் கீழ் மணந்த ஒருவர், துணை உயிரோடிருக்க மற்றொரு மணம் செய்தால் தண்டனைக்கு உள்ளாவார். இந்துக் கணவர் ஒருவர் சமயம் மாறிக்கொண்டு இரண்டாம் மணம் செய்து தப்பிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 1995இல் உறுதிபடக் கூறியுள்ளது. “நம் மகன் தன் தெய்வத்தை இழந்து விடுவானோ?” என்பது இரண்டாம் அச்சம். இச்சட்டம் எவரையும் எதையும் துறக்கச் சொல்வதில்லை.

“சொத்து என்னாகும்?” என்பது மூன்றாம் அச்சம். கூட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த இந்து ஒருவர் வேற்றுச் சமயத்தவரை இச்சட்டப்படி மணந்தால், அவர் அக்குடும்பத்தினின்று பிரிந்தவராகக் கருதப்படுவார். பிரிந்தவர் என்பதற்குப் பங்கை இழந்தவர் என்று பொருள் அன்று. அவருக்குரிய உரிமை அவருக்கு உண்டு. அதன்பின் அவர் சொத்துக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். கணவர் உயில் எழுதாது மறைந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு; எஞ்சியது மக்களுக்கு ஆண் பெண் வேறுபாடின்றிச் சம பங்கு. இருவரும் இந்துக்களாக இருந்து இச்சட்டப்படி மணந்தால் இந்த மாற்றங்கள் இல்லை என்று 1976இல் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. இவற்றை மணத்துக்கு முன்பே அறிந்து கொண்டால், பின்னர் எழும் மனத்தாங்கல் பலவற்றைத் தவிர்க்கலாம்.

உயிருக்கு அச்சுறுத்தல் உள்ளவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மணந்து கொள்ள விரும்பினால் குடும்பத்தின் சம்மதமோ சாதிப் பஞ்சாயத்தின் சம்மதமோ தேவையில்லை என்றது. அத்தகையோர்க்குப் பாதுகாப்பு இல்லம் அமைக்கவும், மாவட்டந்தோறும் தனிப் பிரிவு ஏற்படுத்தவும், உதவித் தொலைபேசி வைக்கவும் மாநில அரசாங்கங்களுக்கு ஆணையிட்டது. தேவைப்படுவோர் மாவட்டப் போலீசுத் தலைவரிடம் எழுத்து மூலம் முறையிடத் தயங்க வேண்டுவதில்லை.

நேயர்களே, சட்டம் 30 நாள் கேட்கிறது. அந்த 30 நாளும் இரண்டு இளம் உள்ளங்கள் பலகையில் பெயர் தொங்க, எந்தக் கதவு எப்போது தட்டப்படுமோ என்று காத்திருக்கின்றன. சட்டத்தைத் திருத்துவது பாராளுமன்றத்தின் கையில் உள்ளது. அந்த 30 நாளை அச்சமின்றிக் கழிக்கச் செய்வது நம் கையில் உள்ளது. வெளி மாநிலத்தில் இத்தகைய இளைஞர்க்கு அத்தையும் மாமனும் அருகில் இரார், நாம்தாம் உறவு. சங்கங்களில் சட்டம் அறிந்தோர் சிலர் முன்வந்து படிவம் நிரப்பத் துணை செய்யலாம். சட்டம் கேட்கும் 3 சாட்சிகளாக நாம் சென்று நிற்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பலகை சொல்வதற்கு முன், பெற்றோரிடம் நல்ல சொல்லால் செய்தியைக் கொண்டு சேர்க்கலாம்.

தலைவியின் அன்பை உணர்ந்த தோழியும் செவிலியும் அதனைப் பெற்றோர்க்குப் பக்குவமாக எடுத்துரைப்பதை நம் முன்னோர் “அறத்தொடு நிற்றல்” என்றனர். மறைப்பதையும் அன்று, தூற்றுவதையும் அன்று. உரிய வேளையில் உரியவரிடம் உண்மையை உரைப்பதையே அவர்கள் அறம் என்றார்கள். அந்தத் தாள் ஊர் சென்று சேருமுன், தந்தையின் அருகில் அமர்ந்து, “உங்கள் பெண் நல்லவரைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள், நாங்கள் அவரை அறிவோம்” என்று சொல்ல ஒருவர் இருப்பின், இரவில் ஒலிக்கும் தொலைபேசிக்கு அந்த வீடு அஞ்ச வேண்டுவதில்லை. அவ்வொருவர் நம்மில் ஒருவராக இருத்தல் வேண்டும்.